மைனர் படுத்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை

டிக், டிக், டிக் என்று அந்தச் சத்தம் ஆரம்பித்ததும் டாக்டர் சுகிர்தத்தின் கை தானாகவே பிரம்பு நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. ஒன்றுமில்லை, மோரிஸ் மைனரின் பெட்ரோல் பம்ப்தான். சாவியைத் திருப்பியதும் முதலில் பம்ப் அடிக்கும், கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிடும், அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும். எண்பத்து நாலு வயதில் நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பதுகூட நிற்பதில்லை, இது நிற்கிறது. பதினைந்து, பதினாறு, பதினேழு. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். சூலியின் வயிற்றில் மரக்குழலை வைத்துப் பிள்ளையின் துடிப்பை எண்ணிப் பழகிய காது, எது அடித்தாலும் எண்ணும். இருபத்திரண்டில் நின்றது. நின்றதும் கார் ஷெட்டுக்குள் வந்த அமைதி இருக்கிறதே, அதுதான் அவளுக்கு ஆகாது. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அமைதியில் யாரோ வண்டிக்குப் பின்னால் நின்று, உள்ளங்கைகளை டிக்கியின் மேல் வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிறவன் தலையசைப்பதற்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். அவள் திரும்பிப் பார்த்தாள். டிக்கிக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு பல்லி. அந்தச் சமயத்தில் மன்சூர் குமிழை இழுக்க, ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பாத்தியளா டாக்டரம்மா, மூணு மாசமா நின்ன வண்டி. ஒரே இழுப்பு" என்றார் மன்சூர், கதவைத் திறந்து இறங்கியபடி. மேலப்பாளையத்துக்காரர், டெலிபோன் ஆபீசில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வருஷம் ஒரு கட்டுரை எழுதுகிறவர். இந்த வருஷம் மைனரையும் பியட்டையும் ஒப்பிட்டு எழுதப்போகிறார். இரண்டு வண்டியும் ஒரே வீட்டில், வாங்கிய ஆளிடமே, ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருப்பது ஜில்லாவிலேயே இங்கேதான் என்று போனில் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார், பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஞானபுரத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் மகனின் மனைவி பெல்சிதான், "வரட்டும் அத்தை, உங்க பேரு புஸ்தகத்துல வரும்லா" என்று ஆசைப்பட்டாள். பெல்சி நல்ல பெண். இந்தப் பன்னிரண்டு வருஷமாக அவள்தான் சாப்பாடு கொடுத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, காலுக்குத் தைலம் தேய்த்துக் கவனித்துக்கொள்கிறாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டதற்கு என்ன காரணம் சொல்லி மறுப்பது.

இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கறுப்பு மைனர், உருண்டை உருண்டையாக, நடுவில் கம்பி ஓடி இரண்டாகப் பிளந்த முன் கண்ணாடியும் இரண்டே கதவுகளுமாக, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற முகம் அதற்கு. மலை எஸ்டேட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடமிருந்து ஐம்பத்தெட்டில் வாங்கியது. வெளிர் பச்சை பியட், அறுபத்தொன்றில் வாங்கியது, நாலு கதவு, அதில் முன்கதவு இரண்டும் தலைகீழாகத் திறக்கும், திறந்தால் வா என்று கை விரிப்பதுபோல இருக்கும். மன்சூர் நோட்டுப் புத்தகத்தில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே வந்தார். மைனரின் ஸ்டீயரிங் லேசா? லேசு, ஒரு விரலால் திருப்பலாம். பியட்டுக்குக் கியர் எங்கே? ஸ்டீயரிங்குக்குக் கீழேயே, அதனால் முன்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். மைனரில் திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சுக் கைகாட்டி நீட்டுமே, அது வேலை செய்ததா? தட்டினால் நீட்டும். அவள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வாய் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்க, மனசு மைனரின் பின்பக்கத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. வளைந்து இறங்கும் அந்தக் கறுப்புத் தகட்டில் கை வைத்தால் வழுக்கும். எட்டுக் கை. நாலு ஆள், எட்டுக் கை. ஐந்தாவதாகக் கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் ஓரத்தில் நின்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினானே, அவனைச் சேர்த்தால் பத்து. அவனைச் சேர்க்க வேண்டுமா? சேர்க்க வேண்டும். அவனும்தானே தள்ளினான். இந்தக் கணக்கை எத்தனை தடவைதான் போடுவது. ஒருதடவை எட்டு வரும், ஒருதடவை பத்து வரும்.

"மேட்டுல ஏறுறதுக்கு எது நல்லா இருந்துச்சு, டாக்டரம்மா?"

"தங்கப்பழத்தைக் கேக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, அவன் செத்துப்போய் நாற்பது வருஷமாகிறதே என்று நினைவு வந்து, "என் டிரைவர்" என்று மட்டும் சேர்த்தாள். மெலிந்த ஆள், உயரம், எப்போதும் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டிருப்பான். காலையில் வண்டியைத் துடைக்கும்போது அதனிடம் ஏதோ பேசுவான். என்னப்பா பேசுகிறாய் என்று கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பான். பஜாரில் டாக்சிக்காரர்களிடம், எங்க மைனரு ஒரு நாள் படுத்துச்சுன்னு காட்டுல பாப்போம் என்று சவால் விடுவானாம். மூன்று வருஷம் அப்படிச் சவால் விட்டவன். அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம் அதே பஜாரில், என்னடே தங்கப்பழம், அன்னைக்கு உன் மைனரு காலை வாரிட்டே என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஆமாண்ணே, டிஸ்ட்ரிபியூட்டர்ல ஈரம் இறங்கிட்டு, நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். ஈரம். ஆகஸ்ட் மாதத்தில், தேரிக்காட்டு மண் கால் வைக்க முடியாமல் கொதிக்கிற மாதத்தில், ஈரமாம். யாரும் அதைக் கேட்கவில்லையே. அதைப் பற்றி அவன் அவளிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

பெல்சி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அங்கேயே கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "அண்ணாச்சி, இந்த பியட்டு ஏன் வந்துச்சுன்னு கேளுங்க. அதை நீங்க கட்டாயம் எழுதணும்."

வேண்டாம், பெல்சி. ஆனால் வாயில் காபி இருந்தது. காபி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஐம்பத்து நாலு வருஷமாக வாயில் ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கிறது.

"அறுபத்தொண்ணுல, ஒரு ஞாயித்துக்கிழமை. இங்கருந்து பதினொரு மைலு, தேரிப்புதூருன்னு ஒரு ஊரு. ஒரு பிள்ளைத்தாச்சிக்கு ரொம்ப முடியலன்னு அந்த ஊரு ஆளுக சைக்கிள்ல வந்து அத்தையைக் கூப்பிட்டிருக்காங்க. அத்தை பையைத் தூக்கிட்டு ஓடிவந்து ஏறி உக்காந்தா மைனரு கிளம்பலை. தள்ளிப் பாத்தாங்க, கம்பி போட்டுச் சுத்திப் பாத்தாங்க, அசையலை. அந்தப் பொண்ணு செத்துப்போச்சு, பிள்ளையும் போச்சு. அத்தை மூணு நாளு சாப்பிடலையாம். ரெண்டே மாசத்துல இந்த பியட்டை எடுத்தாங்க. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷம், மழைன்னு பாக்கலை, காய்ச்சல்னு பாக்கலை, யாரு வந்து கூப்பிட்டாலும் அத்தை வர முடியாதுன்னு சொன்னதே கிடையாது. இந்த பியட்டுக்குள்ளேயே ஏழு பிள்ளை பிறந்திருக்கு."

மன்சூர் பேனாவை நிறுத்தி அவளை மரியாதையாகப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாளாம். அதை யார் சேர்த்தது? அவள் சொல்லவில்லை. தங்கப்பழமும் சொல்லியிருக்க மாட்டான். வருஷம் போகப் போக ஊரே அவள் கையில் பையைக் கொடுத்து, அவளை மாடியிலிருந்து இறக்கி, வண்டியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டது. சில ராத்திரிகளில் அவளுக்கே அப்படித் தெரியும், சீட்டின் சூடு தொடையில் பட்டதுபோல, பையின் தோல்வாசம் மூக்கில் அடிப்பதுபோல. பிறகு அந்தச் சுகம் போய்விடும். மூன்று நாள் சாப்பிடவில்லை என்பது மட்டும் நிஜம். அது துக்கத்தினால் என்று ஊர் நினைத்தது. யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்ற பயம். போஸ்ட்மேன் மணி அடித்தால்கூட எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டாள்.

அவள் மாடியில் படுத்திருந்தாள். கோயில் முடிந்து வந்து, சாப்பிட்டு, தலைமுடியை அவிழ்த்து விரித்துப் போட்டுப் படுத்திருந்தாள். மணி இரண்டு இருக்கும். கீழே சைக்கிள்கள் வந்து விழுகிற சத்தம் கேட்டது, நிறுத்துகிற சத்தம் இல்லை, விழுகிற சத்தம். அப்புறம் ஒரு குரல். "எந்தங்கச்சிக்கு நேத்து ராத்திரி பிடிச்ச வலி. பிள்ளைக்கு கை முன்னால வந்துட்டு. மருத்துவச்சி என்னால ஆகாதுன்னுட்டா. மாட்டுவண்டில போட்டா தாங்க மாட்டா. அம்மாவைக் கொஞ்சம் எழுப்பி விடுங்கண்ணே." தங்கப்பழம் படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்று அதை அப்படியே சொன்னான். கை முன்னால் வந்துவிட்டது. குறுக்கே கிடக்கிற பிள்ளை. அவளுக்கு உடனே படம் தெரிந்தது, பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தின் மேல்மூலை. பிள்ளை அநேகமாகப் போயிருக்கும். கர்ப்பப்பை எந்த நேரமும் கிழியும். கிழிந்தால் தாயும் போவாள். போனாலும் பிழைக்காது, போனாலும் பிழைக்காது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணிக்குக் கிளம்பினால் இரண்டே முக்காலுக்குப் போயிருப்பாள். மயக்கம் கொடுத்து, கையை உள்ளே விட்டு, பிள்ளையின் காலைத் தேடிப் பிடித்து... அந்த வருஷத்திலேயே அதற்கு முன்னால் இரண்டு பேருக்கு அப்படிச் செய்திருந்தாள். ஒருத்தி செத்தாள், ஒருத்தி பிழைத்தாள். இரண்டில் ஒன்று. "வண்டி கிளம்பலைன்னு சொல்லிரு, தங்கப்பழம்." கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். எவ்வளவு நேரம்? காற்றாடி ஏழெட்டுச் சுற்று சுற்றியிருக்கும். "சரிம்மா" என்றான். கதவு மூடியிருந்ததால் அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்திருப்பாளா? தெரியாது. கதவு மூடியிருந்தது.

"அப்படிப் படுக்குற வண்டியே இல்லையே இது" என்று சொல்லிக்கொண்டு மன்சூர் மைனரின் பானெட்டைத் தூக்கினார். எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே குனிந்து ஒரு மூடியின் இரண்டு கிளிப்புகளையும் நெம்பித் திறந்து, அதற்குள்ளிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு பழுப்புத் துண்டை உருவி எடுத்துக் காட்டினார். "இதா பாருங்கம்மா, இதுதான் ரோட்டார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இது சுத்துனாத்தான் பிளக்குக்குத் தீப்பொறி போகும். இது விரிசல் விட்டிருக்கணும், இல்லைன்னா அன்னைக்கு இது உள்ள இல்லாம இருந்திருக்கணும். இது இல்லைன்னா ஊரே கூடித் தள்ளினாலும் கிளம்பாது." சொல்லிவிட்டுச் சிரித்தார், நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்து. பெல்சியும் சிரித்தாள். சுகிர்தம் அந்தத் துண்டைப் பார்த்தாள். இவ்வளவு சின்னதா? அவள் அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. மாடி ஜன்னலிலிருந்து, அன்று சாயங்காலம், எல்லோரும் போனபிறகு, தங்கப்பழம் சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்ததைப் பார்த்தாள், குனிந்ததைப் பார்த்தாள், கிளிப் மாட்டுகிற இரண்டு சத்தம் கேட்டது. அவன் வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை. பானெட்டைச் சத்தமில்லாமல் மூடி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து நின்றான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் ஒரு பொய்யைச் சொல்லச் சொன்னாள். அதை அவன் நிஜமாக்கிக் கொடுத்துவிட்டான்.

நிஜமாக்கித்தான் ஆகவேண்டும் என்று வந்துவிட்டது அவனுக்கு. வண்டி கிளம்பவில்லை என்றால் வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு வேறு வழி பார்க்கப் போய்விடுவார்கள் என்று அவள் படுத்தபடியே நினைத்திருந்தாள். அவர்கள், "நாங்க தள்ளுதோம்ணே" என்றார்கள். அதை அவள் யோசிக்கவில்லை. எழுந்து ஜன்னல் திரையின் ஓரத்தில் வந்து நின்றாள். ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே உருட்டினார்கள். பம்ப் அடித்தது, டிக், டிக், டிக். நின்றது. தங்கப்பழம் தலையசைத்தான். தள்ளினார்கள். கோயில் மேட்டிலிருந்து பஜார் வரைக்கும் சரிவு, அங்கிருந்து திரும்ப மேடு. சரிவில் வேகம் பிடித்ததும் அவன் கிளச்சை விட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் செத்தது. திரும்ப மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பதினொரு மைல் அந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர்கள். மூச்சு வாங்குகிற சத்தம் மாடிக்குக் கேட்டது. இன்னொருக்கா, இன்னொருக்கா. மூன்றாவது தடவை ஒருவன் முழங்கால் மடங்கி விழுந்து, எழுந்து, ஓடிப்போய் மறுபடியும் டிக்கியில் கையை வைத்தான். தங்கப்பழம் நேராகப் பார்த்து ஓட்டினான். சட்டைப் பையில் அந்தத் துண்டு கிடந்திருக்கும். நெஞ்சில் உறுத்தியிருக்கும். அவள் இறங்கிப்போயிருக்கலாம். அதுதான் தீராதது. படுத்திருந்தபோது சொன்ன பொய்யைக்கூட விட்டுவிடலாம். திரைக்குப் பின்னால் நின்று மூன்று தடவை பார்த்தாளே, ஒவ்வொரு தடவையும் பதினெட்டுப் படி இறங்கிப்போய், போதும் தங்கப்பழம் என்று சொல்லியிருக்கலாமே. இப்போது இறங்கினால் தெரிந்துபோகும் என்று நின்றாள். தெரிந்துபோகும் என்று இன்னொரு தடவை தள்ளவிட்டாள். கடைசியில் அந்த அண்ணன்காரன், தலையில் சிவப்புத் துண்டு கட்டியவன், ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். அவள் திரைக்குள் ஒதுங்கினாள். "அம்மா சைக்கிள்ல பின்னால உக்காந்து வருவாகளாண்ணே? மெதுவா மிதிச்சுக் கொண்டுபோயிருவேன்" என்று கேட்டான். "அவுக எப்படிய்யா சைக்கிள்ல வருவாக" என்றான் தங்கப்பழம். குரல் உடைந்திருந்தது. "சரிதான், சரிதான். உங்களையும் வெயில்ல போட்டு இழுத்தடிச்சிட்டோம்" என்றான் அவன். இழுத்தடித்துவிட்டானாம். தலைத்துண்டை அவிழ்த்து, வண்டியின் பின்னால் போய், கறுப்புத் தகட்டில் அவர்களுடைய வேர்வையும் செம்மண்ணும் பதிந்திருந்த கைத்தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். நல்லா இருக்கிற வண்டியை அழுக்காக்கிவிட்டோமே என்று துடைத்தான். அப்புறம்தான் சைக்கிளை எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் பால்காரி சொன்னாள், விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டதாக. ஊரே வந்து அவளுக்கு ஆறுதல் சொன்னது. அவளுக்கு. பியட் வந்ததும் பாஸ்டர் அதன்மேல் கை வைத்து, இனி ஒரு உயிரும் வண்டியில்லாமல் போகக் கூடாது ஆண்டவரே என்று ஜெபம் பண்ணினார். தங்கப்பழம் ஆமென் என்றான். அவளும் ஆமென் என்றாள். நல்ல வண்டிதான் பியட். அகலமான பின்சீட், நோவெடுத்தவளை நீட்டிப் படுக்கவைக்கலாம், மைனரில் அது முடியாது, முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். ஏழு பிள்ளைகள் அதில் பிறந்தது உண்மை. யார் கூப்பிட்டாலும் போனது உண்மை. வருவதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்டதில்லை, எந்தச் சாதி என்று கேட்டதில்லை. அதற்கெல்லாம் ஊர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிடும்போதெல்லாம் அவள் அந்தக் கைகளின் உள்பக்கத்தைப் பார்ப்பாள், மண் ஒட்டியிருக்கிறதா என்று. பியட்டில் ஏறி உட்காரும்போதெல்லாம், அது சாவி திருப்பியதும் கிளம்புகிற வண்டி, இருந்தாலும் பின்கண்ணாடி வழியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள். தங்கப்பழம் பொறுமையாகக் காத்திருப்பான். அவள் முன்னால் திரும்பியபிறகுதான் வண்டி நகரும். இருவருக்கும் இடையில் அவ்வளவுதான் பேச்சு.

"கடைசியா ஒண்ணு, டாக்டரம்மா" என்றார் மன்சூர். ரோட்டாரை உள்ளே வைத்து மூடியை மாட்டிவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இதை வச்சித்தான் கட்டுரையை முடிக்கலாம்னு இருக்கேன். அவசரம்னு ஒருத்தர் வந்து நிக்காங்க. ரெண்டு வண்டியும் தயாரா நிக்கு. நீங்க எதுல ஏறுவீங்க?"

"இதென்ன கேள்வி அண்ணாச்சி, பியட்டுலதான். மைனரை நம்பி ஒருதடவை பட்டது போதாதா" என்றாள் பெல்சி.

ஏன் எழுந்திருக்கவில்லை? மைனரையும் பியட்டையும் அந்த மனுஷர் கோடு போட்டு ஒப்பிடுவதுபோல அவளும் காரணங்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே வயதாகிவிட்டாள். முதல் பத்து வருஷம் காய்ச்சல் என்று வைத்திருந்தாள். அன்றைக்கு உடம்பு சுட்டது, தெர்மாமீட்டர் வைத்திருந்தால் நூற்றொன்று காட்டியிருக்கும். ஆனால் வைக்கவில்லை, வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்புறம் பயம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தில் அவள் கையில் ஒரு பெண் செத்துப்போக, ஜனங்கள் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு வழிவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்களே, அந்தப் பயம். அதை ரொம்ப காலம் நம்பினாள். அது கௌரவமான காரணம், எந்த டாக்டருக்கும் புரியும். ஆனால் அந்தக் கிராமம் வடக்கே, தேரிப்புதூர் தெற்கே, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மனசுதான் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தியது. களைப்பு? முந்தின ராத்திரி கேஸ் எதுவும் இல்லை. எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கியிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் அடியில் கிடப்பது ஒன்றே ஒன்றுதான். மாடி அறைக்கு அந்த வாரம்தான் மின்சாரக் காற்றாடி மாட்டியிருந்தது. முதல்முதலாக அதன் கீழே, ஈரத்தலையை விரித்துப் போட்டு, வயிறு நிறைந்து, கண் சொருகப் படுத்திருந்தாள். உடம்பு நன்றாக இருந்தது. எழுந்திருக்க மனசில்லை. அவ்வளவுதான். முப்பது வயசுக்காரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுந்திருக்க மனசில்லை.

"அன்னைக்கு மைனரு படுக்கல" என்றாள்.

பெல்சி, "என்ன அத்தை?" என்றாள்.

"நாந்தான் படுத்திருந்தேன். மாடில. எந்திரிச்சு வரல. வண்டி கிளம்பலைன்னு தங்கப்பழத்தைச் சொல்லச் சொன்னேன். அவங்க தள்ள வந்ததும் அவன் அந்த ரோட்டாரைக் கழத்திப் பையில போட்டுக்கிட்டான். மூணு தடவை தள்ளுனாங்க. நான் மேலருந்து பாத்துக்கிட்டு நின்னேன்."

குரல் சாதாரணமாக வந்தது, நோயாளியின் வீட்டாருக்கு விவரம் சொல்கிற மாதிரி. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் இதைச் சொன்னால் ஷெட் இடிந்து விழும் என்று நினைத்திருந்தாள். பல்லி இடத்தை விட்டுக்கூட நகரவில்லை. பெல்சி வாளியிலிருந்து எழுந்து நின்றாள். காபித் தம்ளர்களைக் கையில் எடுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாதவள் போலப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அத்தைக்கு ராத்திரி சரியா தூக்கமில்ல அண்ணாச்சி. மாத்திரை வேற மாத்தியிருக்கு" என்றாள் மெதுவாக.

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு, பெல்சி."

பெல்சி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கதையைச் சபைப் பெண்கள் கூட்டத்தில், பள்ளிக்கூட விழாவில், எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்னவள். இனி என்ன சொல்வாள், பாவம். மன்சூர் நோட்டுப் புத்தகத்தைப் பாதி மூடினார். "இதெல்லாம் வேண்டாம்மா. இது நம்ம சங்கத்து மலரு. வண்டிகளப் பத்தினது மட்டும்தான்."

"வண்டியப் பத்தித்தான் சொல்லுதேன். அது மேல அம்பத்து நாலு வருஷமாப் பழி கிடக்கு. அவன் மேலயும் கிடந்துச்சு. அவன் போயிட்டான். எழுதுங்க."

மன்சூர் பெல்சியைப் பார்த்தார். பெல்சி தம்ளர்களைத் தரையில் வைத்தாள். அவர் நடுவில் கோடு போட்ட பக்கத்தைத் தாண்டி ஒரு வெறும் பக்கத்தைத் திருப்பினார். டெலிபோன் ஆபீசில் புகார் எழுதிக்கொண்ட பழக்கம் போலிருக்கிறது, ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன மாசம்? ஆகஸ்ட். எந்த ஊர், எத்தனை மைல்? சொன்னாள். வந்தது எத்தனை பேர்? "அஞ்சு பேரு" என்றாள், இந்தத் தடவை தயங்காமல். டிரைவர் முழுப்பெயர்? தங்கப்பழம், அப்பா பெயர் வேதமுத்து. எழுதிக்கொண்டே வந்தவர் தலை நிமிராமல், "அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். மேலே அலமாரியில் முப்பத்தெட்டு வருஷத்துப் பிரசவப் புத்தகங்கள் இருக்கின்றன, அவள் கையால் எழுதியவை, தாயின் பெயர், வயது, ஊர், எத்தனையாவது பிள்ளை, ஆணா பெண்ணா. செத்தவர்களின் பெயரும் அதில் உண்டு, சிவப்பு மையில். கண்ணை மூடினால் எத்தனையோ பெயர்கள் வரும், முகத்தோடு வரும். இந்த ஒருத்திக்கு அதில் இடமில்லை. போயிருந்தால்தானே எழுதியிருப்பாள். எந்தங்கச்சி என்றுதான் அவன் சொன்னான். பால்காரி, அந்தப் புள்ளை என்றாள். ஊர், அந்தப் பொண்ணு என்றது. பால்காரியைக் கேட்டிருக்கலாம். அதற்கப்புறம் எத்தனை தடவை பிரசவத்துக்கென்று தேரிப்புதூருக்கே போயிருக்கிறாள், எத்தனை வீட்டில் கையைக் கழுவிக்கொண்டு மோர் வாங்கிக் குடித்திருக்கிறாள், அங்கே எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். அந்த அண்ணன்காரனைக்கூட ஒரு தடவை பார்த்தாள், தலை நரைத்துப்போய், ஒரு திருவிழாவில், தூரத்தில். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மன்சூர் காத்திருந்துவிட்டு ஏதோ எழுதினார்.

"என்ன எழுதினீங்க?"

"பேரு தெரியலன்னு போட்டிருக்கேம்மா."

"தெரியலன்னு போடாதீங்க" என்றாள் சுகிர்தம். "கேக்கலன்னு போடுங்க."